டீசல் பில்லின் பின்பக்கம்

அடுத்த தைக்கு, எனக்கே:

ஆத்தூரில் வண்டி ஏற்றுமுன் பெட்டியைத் திறந்து பார்.
எடுத்துவைத்த ஞாபகத்தை நம்பாதே.
மகள் பத்தாவதோடு கைவிட்ட ஜாமெட்ரி பாக்ஸ்.
காம்பஸை மட்டும் கேட்டு வாங்கினேன்,
வாரில் ஓட்டை போட, காலில் ஏறிய முள்ளை எடுக்க.

மெழுகில் முக்கிய தீக்குச்சி இருபது,
உரசுபட்டை தனியாக, பாலிதீனுக்குள்.
சைக்கிள் டியூபை நறுக்கிய வளையங்கள்:
கட்டுவதற்கும் அதுதான்,
நனைந்த விறகைப் பற்றவைக்கவும் அதுதான்.
கரும்புகை. காற்று போகும் பக்கம் உட்காராதே.
மை தீர்ந்த பேனாவில் சுற்றிய நைலான் நரம்பு,
கோணி ஊசி ஒன்று, அரை பிளேடு.
ஸ்ட்ராவில் அடைத்து இரு முனையும் சூட்டில் ஒட்டிய
உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சீனி.
உப்பு எது சீனி எது என்று செங்கோடன் கேட்பான்.
கடித்துப் பார்க்கச் சொல்.

கொரடாச்சேரி தாண்டி வெண்ணாற்றுக் கரையில்
எங்கே இறக்கினாலும் வரப்பில் படுக்காதே.
வரப்பில் வளை, வளையில் எலி,
எலிக்குப் பின்னால் வருகிறவர் பெயரை
ராத்திரியில் சொல்வதில்லை.
மேடான களம் கிடைத்தால் களம்.
வைக்கோலைக் கம்பால் தட்டி உதறிவிட்டுப் பரப்பு,
மேலே யூரியா சாக்கு நாலைப் பிரித்துத் தைத்த விரிப்பு.
இல்லையென்றால் விடியும்வரை சுணை.
தார்ப்பாயின் ஒரு விளிம்பு அறுவடை வண்டியின் ஏணியில்,
மறு விளிம்பு தரையில், முளைக்குச்சி இரண்டு.
வாடைக்கு முதுகு காட்டி நிற்கட்டும்.
இழுத்துக் கட்டினால் பனி வழியும்,
தொய்ந்தால் மூக்கில் சொட்டும்.
செருப்பைக் குச்சியில் கவிழ்த்து மாட்டு.
செல்போன் விளக்கின்மேல் தண்ணீர் பாட்டிலை வை,
அறை முழுக்க வெளிச்சம்,
அறை இல்லாவிட்டாலும்.

பத்து மணிக்குமுன் கதிர் காயாது.
ஈரத்தில் அறுத்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும்.
அந்த மூன்று மணி நேரம் உன்னுடையது. கிழிந்ததைத் தை.
புரோக்கர் ஜைனுலாபுதீன் போன் செய்தால் எடு,
சொல்லும் ஏக்கரைப் பாதியாக்கிக்கொள்.

மேலே உள்ளதெல்லாம் மூடியின் உட்புறம்
போன வருஷமே எழுதியது.
இது தை இருபத்து மூன்று, இடம் போதாமல்.

ராத்திரி ஒன்றரை.
முதல் துளி தார்ப்பாயில் விழுந்ததும் செங்கோடன் எழுந்துவிட்டான்.
கொள்முதல் நிலையத்துக்கு வெளியே, ரோட்டோரம்,
நாலு நாள் முன்பு நாங்கள் அறுத்துக் கொட்டிய
மரகதவல்லியின் நெல். எடை போட இன்னும் முறை வரவில்லை.
அவரிடம் இரண்டு சேலையும் ஒரு ஃபிளெக்ஸ் பேனரும்.
பேனரில் யாரோ கும்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.
குவியல் அவரைவிடப் பெரியது.

நான் யோசித்தேன்.
இதையும் எழுதிவைக்கிறேன், யோசித்தேன்.
செங்கோடன் அதற்குள் முளையைப் பிடுங்கியிருந்தான்.
தார்ப்பாய்க் கண்களில் செங்கல் கட்டித் தொங்கவிட
டியூப் வளையம் பதினாலும் போனது.

அப்புறம் வண்டியின் கூரைக்குக் கீழே
ஒரே இருக்கையில் இரண்டு பேர்.
பெயின்ட் டப்பா அடுப்பை மூட்ட
மூன்றாவது குச்சிதான் பற்றியது.
மருந்தின்மேல் மெழுகை முதலில் நகத்தால் சுரண்டு,
அப்புறம் உரசு. கறுப்பு டீ. சீனி ஸ்ட்ரா என்று
செங்கோடன் உடைத்தது சீனி இல்லை.
குடித்தோம்.

நாலரைக்கு நின்றது. எல்லாம் தப்பவில்லை,
அடிப்பக்கம் ஒரு சாண் நனைந்துதான் போனது.
மரகதவல்லி அதைத் தனியாக வாரிக்கொண்டிருந்தார்.
தார்ப்பாயைத் திருப்பித் தந்தபோது
நான் மடிப்பதில் பாதி அளவுக்கு மடித்திருந்தார், ஈரத்தோடு.
காயவைக்கப் பிரித்தேன்.
மறுபடி அந்த அளவுக்கு வரவே இல்லை.

சேர்க்க வேண்டியது:
டியூப் வளையம் முப்பது.
ஸ்ட்ராவுக்கு இரண்டு நிறம்.
இன்னொரு தார்ப்பாய், பெரியது.
பையில் இடம் இருக்காது.
தலையணையை எடுத்துவிடு.